கீழ ஆளு இருக்காவ

எய்யா,

நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், அதனால் நலம் விசாரிக்கவில்லை. நானும் நலம்தான், முனிர்காவில். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் ஆர்.கே.புரம் செக்டரில் கேட்கிறவர்களிடமெல்லாம் "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று நீ சொல்லி வருகிறாயாம். நான் ஊருக்குப் போகவில்லை. திருநெல்வேலிக்கு ரயில் ஏறி ஐந்து வருஷம் ஆகிறது. உன் வீட்டு வாசலிலிருந்து நடந்தால் அரை மணி நேரம், அவ்வளவுதான் நான் போயிருக்கிற தூரம். நம் ஊர்ப் பக்கத்துக்காரி பேச்சியம்மாள் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற வீட்டில், மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. காலையில் அவளுக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறேன். மத்தியானம் வெயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உனக்குத் தனியாக எழுதியிருக்கலாமே என்று நினைப்பாய். எழுதினேன், இரண்டு முறை. உறையைப் பிரிக்காமல் டி.வி. பெட்டி மேல் வைத்திருக்கிறாய் என்று செல்வி சொன்னாள். பிரித்தாலும் உனக்கு என்ன தெரியும்? டெல்லியில் பிறந்தவன். ஊருக்குப் போனால் பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பாய், அதற்கு மேல் தமிழ் ஓடாது. அதனால்தான் நம் காலனித் தமிழ்ச் சங்கத்து மலரில் எழுதுகிறேன். மலர் பார்க்கிற கணேசன் சார், "நர்சரியில் பன்னிரண்டு வருஷம் இருந்தீங்களே, சின்னப் பிள்ளைங்களுக்குப் பாட்டும் ஆட்டமுமா சொல்லிக்கொடுத்ததை ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்கம்மா" என்று கேட்டார். கட்டுரை எனக்கு வராது, ஐந்தாம் வகுப்புக்காரிக்குக் கடிதம்தான் வரும் என்றேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்கிறேன் என்றார். எழுத்தைத் திருத்துங்கள், சொன்னதைத் திருத்தாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். மலர் வெளியானதும் செக்டரில் பத்துப் பேராவது படித்துவிட்டு உன்னிடம் வருவார்கள். அதற்கு முன்னால் செல்வியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும். வேண்டுமென்று பார்த்துத்தானே ஊரிலிருந்து உனக்குப் பெண் எடுத்தேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உன் தப்பைச் சொல்ல வரும்போது "நீ மட்டும் யோக்கியமா" என்று நீ கேட்பாய், அந்த வேலை மிச்சம்.

உனக்கு நாலு வயதில் நமக்குக் கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மாடி வீடு. கீழ் வீட்டில் உன் அப்பாவின் செக்ஷன் ஆபீசர். ஆபீசில் மேலே இருக்கிறவர் வீட்டில் கீழே இருந்தார். அப்பாவின் வேலையைப் பற்றிய வருஷக் குறிப்பு அவர் பேனாவில்தான் எழுதப்படும். அந்த வயதில் உனக்குக் கால் சும்மா இராது. மார்க்கெட் முக்கில் கோதுமை அரைக்கிற சக்கி இருந்ததே, அதன் இன்ஜின் புக்குப் புக்கென்று ஓடத் தொடங்கினால் நீ எங்கே நின்றாலும் ஆடுவாய். காய்கறிக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். "அரே வாஹ், மதராஸி ஹீரோ!" என்பார்கள். எனக்கு மானம் போகும், கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வருவேன். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புக்குப் புக்கு உன் காலிலேயே இருக்கும். நீ இரண்டு குதி குதித்தால் கீழ் வீட்டம்மா விளக்குமாற்றுக் கட்டையால் அவள் வீட்டுக் கூரையை இடிப்பாள். எங்கள் பாதத்துக்குக் கீழே அந்த இடி கேட்கும். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிடும்.

"ஏல, குதிக்காத. கீழ ஆளு இருக்காவ." இதுதான் நான் உனக்கு அதிகம் சொன்ன வார்த்தை. சாப்பிடு, தூங்கு என்று சொன்னதைவிட இதைத்தான் அதிகம் சொன்னேன். சொல்லிக் கேட்காத நாளில் சேலைக் கிழிசலால் உன் காலைக் கட்டில் காலோடு கட்டிப்போட்டேன். வலிக்காமல் மெதுவாகத்தான் கட்டினேன் என்று பலநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கால் கட்டினால் நீ விரலால் தரையில் தட்டுவாய். விரலையும் பிடித்து மடியில் வைத்துக்கொள்வேன். ஒரு கோடைக்காலம் முழுக்க இப்படிப் போனது. அதற்குப் பிறகு கட்ட வேண்டியிருக்கவில்லை. சக்கி ஓடினாலும் நீ திரும்பிப் பார்க்கவில்லை. கீழ் வீட்டம்மா ஒரு நாள் மேலே வந்து உன் தலையைத் தடவி, "கித்னா அச்சா பச்சா ஹை, ஆவாஸ் ஹீ நஹீ" என்று சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் கீர் பாயசம் கொடுத்துவிட்டுப் போனாள். சத்தமே இல்லாத நல்ல பிள்ளை. நான் அந்தக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அந்த நிமிர்வை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நீ கல்லூரிக்குப் போன பிறகு ஆர்.கே.புரத்துக்கு மாறினோம். செக்டர் சமூகக் கூடத்தில் பெண்கள் கமிட்டி நர்சரி தொடங்கியது. இரண்டரை வயதிலிருந்து ஐந்து வரை, இருபது இருபத்திரண்டு பிள்ளைகள். நான் அங்கே ஆயாவாகப் போனேன். வெளியில் கேட்டால் "நர்சரியில் வேலை" என்பேன், ஆயா என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டேன். யு.டி.சி. குமாஸ்தா பெண்டாட்டி மூக்குச் சளி துடைக்கப் போகிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதல்லவா! டீச்சர் கம்லா பஹன்ஜி, பஞ்சாபிக்காரி, நல்ல மாதிரி. ஒரு ஜனவரி மாதக் காலையில் அவளுக்குத் தொண்டை கட்டி ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. குளிரில் பிள்ளைகள் எல்லாம் குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டருமாக உருண்டைகள் மாதிரி இருந்தார்கள். ஒன்று அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ, கூடம் முழுக்க அழுகை. நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல், பிஸ்கட் போட்டு வைக்கிற டால்டா டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் தட்டினேன். நாலு தட்டு. அழுகை நிற்கவில்லை. கை வலித்ததால் நிறுத்தினேன். அப்போதுதான் நின்றது. இருபது முகமும் என் கையைப் பார்த்தன. தட்டு கேட்டபோது இல்லாத காது, தட்டு நின்றபோது வந்தது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதுதான் முதல் பாடம்.

ஆனால் அடுத்த தப்பையும் உடனே செய்தேன். இந்த ஊரில் வருஷாவருஷம் ஜனவரியில் அணிவகுப்புப் பார்க்கிறோம் அல்லவா, அதே மாதிரி பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, என் தட்டுக்குக் கால் வைக்கச் சொன்னேன். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு இடது எது வலது எது? ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. ஒரு பிள்ளை பயத்தில் நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டது. அதைக் கழுவிவிடும்போதுதான் புத்தி வந்தது. பிள்ளை என் தட்டுக்கு நடக்கக் கூடாது, பிள்ளையின் நடைக்குத்தான் நான் தட்ட வேண்டும். மறுநாள் யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை. ஒருத்தி தத்தித் தத்திப் போனாள், அவள் பாதம் விழ விழ நான் தட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். தன் கால்தான் அந்தச் சத்தத்தைச் செய்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மகாராணி மாதிரி இன்னொரு சுற்றுப் போனாள். பிறகு எல்லாரும் போனார்கள். அந்தச் சத்தம் தன்னுடையது என்று தெரிந்த பிறகுதான் பிள்ளை அடுத்தவர் சத்தத்துக்குக் காது கொடுக்கும்.

பன்னிரண்டு வருஷத்தில் எனக்குத் தெரிய வந்தது கொஞ்சம்தான். கால் முதலில் வரும், கை அப்புறம், வாய் கடைசியில். பெரியவர்கள் வாயிலிருந்து தொடங்குகிறார்கள், பாடு பாடு என்கிறார்கள். ஓடச் சொன்னால் எந்தப் பிள்ளையும் ஓடும், நிற்பதுதான் அதற்குக் கஷ்டம். அதனால் நிற்பதை விளையாட்டாக்க வேண்டும். "ஹாத்தி வாரான் தொம்... தொம்..." என்று மெதுவாகத் தட்டினால் யானை நடை. "சிடியா வாரா டிக்டிக்டிக்" என்று விரலால் தட்டினால் குருவித் தத்தல். பிறகு "ருக்!" எல்லாரும் சிலை. தமிழும் ஹிந்தியும் கலந்த என் பாட்டைக் கேட்டுக் கம்லா பஹன்ஜி சிரிப்பாள். "ஆயாஜி, ஏ கௌன்ஸீ பாஷா ஹை?" இது எந்த மொழி என்று கேட்கிறாள். "ஏ டப்பா கீ பாஷா ஹை" என்பேன், டப்பா மொழி. பழைய மெல்லிய வாயல் சேலையைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்து மேலே எறியச் சொல்வோம். பந்து கையில் நிற்காத பிள்ளைக்கும் துணி மெதுவாக இறங்கி வந்து கையில் விழும். ஓரத்தில் உட்கார்ந்து வெறுமனே பார்க்கிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அதுவும் உள்ளுக்குள் ஆடிக்கொண்டுதான் இருக்கும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. உன் காலைக் கட்டிப்போட்ட பாவத்தை இருபது இருபது பிள்ளைகளாக அவிழ்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு சுபா வந்தாள். என் பேத்தியைப் பற்றி நான் பெருமை பேசினால் அதிகம் என்பார்கள், சொல்லட்டும். அவளுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, நீ மட்டும் அவளிடம் இங்கிலீஷ். பிள்ளை எந்தக் கதவைத் திறப்பாள்? காது கேட்கிறது, பொறுங்கள் என்று டாக்டர் சொன்னார். உனக்குப் பொறுமை இல்லை. பொம்மையைக் காட்டி "வாட் இஸ் திஸ், வாட் இஸ் திஸ்" என்று கேட்பாய். அவள் உன் வாயைப் பார்ப்பாள். நான்தான் அவளை நர்சரிக்கு இடுப்பில் தூக்கிப் போனேன். ஒரு மாதம் தூணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆடி முடிந்து எல்லாரும் பிஸ்கட் தின்னும்போது அவள் டப்பாவுக்கு அருகே வந்து உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். நான் இரண்டு தட்டினேன். அவள் மூன்று தட்டினாள். நானும் மூன்று. எய்யா, என் பேத்தி என்னிடம் முதல்முதலாகப் பேசியது அதுதான். நான் வீட்டுக்கு வந்து சொன்னபோது நீ பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "டப்பா தட்டினா பேச்சாம்மா அது?" என்றாய்.

தீபாவளி கழிந்து ஒரு நாள், நாலு தட்டு தட்டி நிறுத்தினேன். எல்லாரும் சிலை. சுபா ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், கால் நடுங்குகிறது. நான் வேண்டுமென்றே அடுத்த தட்டைத் தாமதித்தேன். அவள் என்னைப் பார்த்து, "ஃபிர்" என்றாள். மறுபடியும் என்று கேட்கிறாள்! முதல் வார்த்தை. என்னைக் கூப்பிட "ஆச்சி" என்று வரும் என்று எத்தனை நாள் காத்திருந்தேன், ஹிந்தியில் வந்தது. வரட்டும். ஆசைப்பட்டுக் கேட்கிற வார்த்தைக்கு எந்த மொழியாக இருந்தால் என்ன? மலை மந்திருக்குப் போய் முருகனுக்குத் தேங்காய் உடைத்தேன். பிப்ரவரிக்குள் அவளுக்கு ஒன்பது வார்த்தை. தண்ணீருக்குப் பானி, ஆச்சி, வா, தொம், இப்படி. நான் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தேன்.

அந்த பிப்ரவரியில்தான் நீ அவளைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு இன்டர்வியூவுக்கு அழைத்துப் போனாய். மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்டர்வியூ. நானும் வந்தேன், கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு திறந்துதான் கிடந்தது. அந்தம்மாள் பெயர் கேட்டாள், சுபா பேசவில்லை. நிறம் கேட்டாள், பேசவில்லை. சுபா ஜன்னலைப் பார்த்ததும் அந்தம்மாள் பென்சிலால் மேஜையில் டக் டக் டக் டக் என்று தட்டினாள். சுபா நாற்காலியை விட்டு இறங்கி நாலு அடி வைத்தாள். பென்சில் நின்றது, அவளும் நின்றாள், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு. அந்தம்மாள் எரிச்சலோடு மறுபடியும் தட்டினாள். என் பேத்தி மேஜையைச் சுற்றி நாலு அடி வைத்து, சரியாக நின்று, முகம் மலர்ந்து அவளைப் பார்த்தாள். எவ்வளவு அழகாகச் செய்தாள்! நான் வெளியே இருந்து கை தட்டப் போனேன். அதற்குள் அந்தம்மாள் உன்னிடம், "ஏ நார்மல் ஹை நா?" என்று கேட்டாள்.

நாம் வீட்டுக்கு வந்தோம். வந்ததும், "எம்மா, ஒன் டப்பாவாலதான் எம்புள்ள சர்க்கஸ் கொரங்கு மாதிரி ஆயிட்டா. எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க" என்றாய்.

"யாரும் சிரிக்கலய்யா. நீதான் வெக்கப்பட்ட" என்றேன்.

"பஸ் கரோ! நிறுத்தும்மா! நீ படிச்சது அஞ்சாங்கிளாஸ். ஒனக்கு என்ன தெரியும் எஜுகேஷன் பத்தி?"

செல்வி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பு என்று அடுத்தவர் சொன்னால் சண்டைக்குப் போவேன். நீ சொன்னால் என்ன செய்வது?

அந்த வருஷம் நர்சரிக் கமிட்டிக்கு நீ செயலாளர். படித்த பிள்ளை, நல்ல ட்ராஃப்டிங் என்று எல்லாரும் சேர்ந்து போட்டார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மார்ச்சில் கூட்டம் போட்டாய். பெற்றோர்கள் முப்பது பேர், இங்கிலீஷில்தான் பேச்சு. நீ ஒரு காகிதத்தைப் படித்தாய், சிலர் தலையாட்டினார்கள், கம்லா பஹன்ஜி குனிந்திருந்தாள். கடைசியில் காகிதத்தோடு என்னிடம் வந்தாய். "டயம்டேபிள் மாத்துதோம்மா. ஸ்டாஃப் எல்லாரும் கையெழுத்துப் போடணும்" என்றாய். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நம் நர்சரியில் சப்ராசி என்கிற பியூனும் கூட்டுகிறவளும் கைநாட்டு வைப்பார்கள், நான் மட்டும்தான் கையெழுத்துப் போடுகிற ஆயா. மை டப்பாவை என் பக்கம் நகர்த்தியவரிடம் "மேரேகோ பென் தீஜியே" என்று கேட்டு வாங்குவேன், அதில் எனக்கு அவ்வளவு கர்வம். முப்பது பேருக்கு முன்னால் "இதில் என்ன இருக்கிறது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று சொல்லச் சொல்கிறாயா? பேனாவை வாங்கி, முழுப்பெயரும் இனிஷியலுமாக, நன்றாகச் சுழித்து ஒரு கோடும் இழுத்துப் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பெஞ்சும் டெஸ்க்கும் வந்து இறங்கின. ஏதோ பள்ளியில் கழித்துக்கட்டியது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற உயரம். நம் பிள்ளைகளை ஏற்றி உட்காரவைத்தால் ஒருவர் காலும் தரையைத் தொடவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளின் நாற்பத்து நாலு கால் காற்றில் தொங்கியது. நான் டப்பாவை எடுக்கப் போனேன். கம்லா பஹன்ஜி கையைப் பிடித்தாள். "ஆயாஜி, ஆப்னே தோ குத் சைன் கியா ஹை" என்றாள், நீங்களேதானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று. பிறகுதான் அந்தக் காகிதத்தில் இருந்ததை ஹிந்தியில் சொன்னாள். பாட்டு, ஆட்டம், தாளம் எல்லாம் நிறுத்தம். காலையில் ஏ பி சி, பத்து மணிக்குப் பிஸ்கட், பிறகு நம்பர். இதையெல்லாம் நடத்துகிற படிப்பு ஆயாவுக்கு இல்லை, அதை ஆயாவும் ஒத்துக்கொள்கிறாள். கீழே என் கையெழுத்து, சுழித்து, கோடு இழுத்து.

சாயங்காலம் உன்னிடம் கேட்டேன். "ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

நீ ஷூவைக் கழற்றிக்கொண்டே, "நீதானம்மா கையெழுத்துப் போட்ட? படிச்சுப் பாத்துத்தானே போட்டிருப்ப?" என்றாய்.

இந்த உலகத்தில் எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதும், அதை நாலு பேர் முன்னால் நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்பதும் முழுதாகத் தெரிந்தவன் நீ ஒருவன். அதைத் தெரிந்துகொண்டுதான் கூட்டத்தில் வைத்து நீட்டினாய். அந்தக் காகிதத்தை நீ வீட்டில் வைத்து நீட்டியிருந்தால் நான் கேட்டிருப்பேன். இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஆட்டத்தை நிறுத்தியதைக்கூடப் பொறுத்துவிடுவேன்.

அப்புறம் நடந்ததை நீயும் பார்த்தாய், பார்க்காதது மாதிரி இருந்தாய். நம் நர்சரியிலேயே சுபாவையும் டெஸ்க்கில் உட்காரவைத்தார்கள். முதல் வாரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள், அப்புறம் ஆட்டவில்லை. வீட்டில் சாயங்காலம் டியூஷன் வேறு. முதலில் போனது "தொம்". பிறகு "வா". கடைசியில் "ஃபிர்" போனது. கேட்பதற்கு ஒன்றும் இல்லாதபோது மறுபடியும் என்று எதைக் கேட்பாள்? மழைக்காலம் முடிவதற்குள் ஒன்பதில் இரண்டுதான் மிச்சம், பானியும் ஆச்சியும். நர்சரி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளோடு ஒரு மணி நேரம் தட்டிக்கொள்கிறேன் என்று உன்னிடம் கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியவளில்லை. மறுநாள் பழைய சாமான் வாங்குகிற கபாடிவாலா சைக்கிளில் பேப்பர் கட்டுக்கு மேலே, நீ எடைக்குப் போட்ட என் டப்பா போவதை பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் நர்சரி வேலையை விட்டேன், பெட்டியையும் எடுத்தேன். "போகாதீங்க அத்த" என்று செல்வி வாசல்வரை வந்தாள். நீ டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாய். சுபா "ஆச்சி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அந்த ஒரு வார்த்தையையும் நான்தான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று பிறகு செல்வி சொல்லித் தெரிந்துகொண்டேன். இப்போது அவளிடம் பானி மட்டும்தான் இருக்கிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வந்தேன். உனக்குத் தெரியும், ஆனால் நீ யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய், நான் ஊரில் அல்லவா இருக்கிறேன். மணியை அழுத்தாமல் கதவில் நாலு தட்டு தட்டி நிறுத்தினேன். உள்ளே தப் தப் தப் தப் என்று நாலு அடி. நின்றது. நீ வந்து கதவைத் திறந்தாய். உனக்குப் பின்னால் கூடத்து நடுவில் சுபா நிற்கிறாள், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, என் கையைப் பார்த்துக்கொண்டு. எட்டு மாதம் டெஸ்க்கில் உட்காரவைத்தும் போகவில்லை, எய்யா. உள்ளேயே இருந்திருக்கிறது. நீ அவள் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்துச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? "ஷ்ஷ்... குதிக்காத. கீழ ஆளு இருக்காவ."

உனக்குப் பிழையில்லாமல் வருகிற நம் ஊர்த் தமிழ் அது ஒன்றுதான் போலிருக்கிறது. ஒரு ஹிந்திச் சொல் கலக்காமல், இங்கிலீஷ் கலக்காமல், என் குரலிலேயே வந்தது. அதைச் சொல்லிவிட்டு நீயே ஒரு கணம் திகைத்து நின்றாய், நான் பார்த்தேன்.

நீ குடியிருப்பது தரைத்தளம். உன் வீட்டுக்குக் கீழே சிமெண்டும் மண்ணும்தான். கிட்வாய் நகரில் கீழே ஆள் இருந்தார்கள், அப்பாவுக்கு உத்தியோகம் இருந்தது, பயந்தேன், கட்டினேன். அதெல்லாம் முடிந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஆபீசரும் இல்லை, அப்பாவும் இல்லை. இனிமேல் யாருக்கும் கேட்காது என்று உனக்கு நான் சொல்லவே இல்லை. அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டோமே என்று நினைத்தேன், கட்டிலிலிருந்துதான் அவிழ்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதை யாரும் பார்க்கவில்லை. நீ அப்படிச் சொன்ன பிறகும் பிள்ளை காலைக் கீழே வைக்கவில்லை. அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தாள். கதவு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் தட்டியிருக்கலாம், தட்டவில்லை. "உள்ள வா" என்று நீ ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நின்றேன், நீ சொல்லவில்லை, திரும்பி நடந்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட அன்று வந்த அதே ரோஷம். முனிர்கா வரும்வரை அந்தச் சின்னக் கால் அந்தரத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. இன்றைக்கும் அவள் அதைக் கீழே வைத்துவிட்டாள் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

செல்வி இதை வாசித்து முடித்ததும் நீ ஒன்றும் பேசாதே, என்னைத் தேடியும் வராதே. டப்பா இல்லாவிட்டால் மேஜை இருக்கிறது. நாலு தட்டு தட்டிவிட்டு நிறுத்து. எவ்வளவு நேரம் ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திரு. நாலு வயதில் உனக்குத் தாளம் நன்றாக வந்தது.

உன் அம்மா, முனிர்காவிலிருந்து. கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையதுதான். இந்தத் தடவை முழுதும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்கிறேன்.